இரண்டு புள்ளியும் ஒரு ரப்பர் வாரும்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ட்ரான்ஸ்ஃபர் பெட்டியை எப்படிக் கழற்றிப் பூட்டுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைக் காட்டித்தர உங்கள் ஃபோனுக்குள் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கை சுத்தம், வெளிச்சம் நல்ல வெளிச்சம், கழற்றிய போல்ட் ஒன்றுகூட மேசைக்கடியில் உருண்டு போவதில்லை. நான் சொல்லப்போவது வேறு. ஊரே மெச்சும்படி நான் பூட்டிக் கொடுத்த ஒரு பெட்டி, ஐந்தாம் நாள் பதினொரு பெண்களைக் கொல்லப் பார்த்தது. நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த எவரையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி என்ற அர்த்தத்தில் அல்ல, வேலை தெரிந்தவன் என்ற அர்த்தத்தில். நானும் பாஸ்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் பெண்கள் முதல் தோட்டத்தை நடத்துகிற துரை வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அது எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் உங்களுக்கு விளங்காது.

தோட்டத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற கொழுந்து லொறி ஒன்றே ஒன்று இருந்தது. தோட்டத்தின் மலை உச்சிப் பகுதியான மேல் டிவிசனுக்குப் போகிற பாதையில் மழை பெய்தால் ட்ராக்டர் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அந்த லொறி மட்டும்தான் ஏறும். அதை ஓட்டியவர் சந்தனம். குடியிருப்பில் எனக்குப் பக்கத்து லயம், கிட்டத்தட்ட என் வயது. அதிகம் பேசமாட்டார். வளைவில் ஹோர்ன் அடிப்பதற்குக்கூட யோசிக்கிற மனிதர்.

ட்ரான்ஸ்ஃபர் பெட்டி என்பது கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பெட்டி. எஞ்சினின் பலத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அதற்குத் தனியாக ஒரு லீவர் உண்டு. லீவரை 'லோ'வில் போட்டால் வண்டி எருமை மாதிரி மெதுவாக, ஆனால் விடாமல் ஏறும். இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கில் கால் வைக்கும் வேலை குறைவு. அந்த லீவர் லோவிலிருந்து நழுவி நடுவில், நியூட்ரலில் வந்து நின்றால் எஞ்சின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். அப்புறம் பாரத்தோடு இறங்கும் வண்டிக்குப் பிரேக் மட்டும்தான் துணை.

எங்கள் லொறியின் பெட்டி தேய்ந்துபோய் அப்படித்தான் அடிக்கடி நழுவிக்கொண்டிருந்தது. சந்தனம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழைய லொறி டியூபில் ஒரு விரல் அகலத்துக்கு வார் வெட்டி, லோவில் போட்டதும் லீவரைச் சீட்டின் இரும்புச் சட்டத்தோடு இழுத்துக் கட்டிவிடுவார். மேடு ஏறி இறங்கி, தட்டையான பாதைக்கு வந்ததும் அவிழ்ப்பார். மூன்று வருடம் அந்த லொறியை மலையில் பிடித்து வைத்திருந்தது அந்த ரப்பர்தான். பட்டறையில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். "சந்தனம் மாட்டக் கட்டுற மாதிரியில்ல லொறிய கட்டுறாரு" என்போம். அவரும் சிரிப்பார்.

கடைசியில் பெட்டி எண்ணெயை ஒழுகவிட்டு, அரைக்கிற கல் மாதிரிச் சத்தம் போட ஆரம்பித்தது. கொழுந்து குவிகிற மாதம். துரை பட்டறைக்கே வந்துவிட்டார். "பாஸ், திங்கட்கெழம லொறி மலையேறணும். என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது" என்றார். கையில் ஐந்து நாள். கப்பலில் சாமான் ஒழுங்காக வராத காலம் அது. கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் வண்டிச் சாமான் விற்கும் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி பெயரிங், கியர், வொஷர், சீல் எல்லாம் ஒருவழியாகத் தேடி எடுத்தேன். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. லீவரை அசைக்கும்போது உள்ளே கியரைத் தள்ளி, தள்ளிய இடத்தில் பிடித்து வைத்திருக்கும் கவட்டைத் துண்டு. ஃபோர்க் என்போம். பழைய ஃபோர்க்கின் ஒரு கால், கியரைப் பிடிக்கும் இடத்தில், சவர்க்காரத் துண்டு போலத் தேய்ந்திருந்தது.

இங்கே நான் என்னென்ன செய்திருக்கலாம் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஹட்டனில் தேய்ந்த இடத்தில் பித்தளையை உருக்கி ஊட்டிக் கடைந்து தருகிற ஆள் இருந்தார், இரண்டு நாள் கேட்டிருப்பார். துரையிடம் புதன்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதிகம் போனால் ஒரு சத்தம் போட்டிருப்பார். நான் அதே ஃபோர்க்கைத் திரும்பப் பூட்டினேன். ஒரு மாதம் ஓடும், அதற்குள் புதுசு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

பூட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். எனக்குத் தொழில் காட்டித்தந்தவர், அவர் பெயர் வேண்டாம், ஒரு பழக்கம் வைத்திருந்தார். திரும்பப் பூட்டுகிற பழைய சாமானில் பஞ்ச் வைத்துத் தட்டிப் புள்ளி போடுவார். ஒரு புள்ளி போட்டால் பார்த்தாயிற்று, நல்லது. இரண்டு புள்ளி போட்டால் இது சரியில்லை என்று எனக்குத் தெரியும், அடுத்த முறை கட்டாயம் மாற்று. நானும் ஃபோர்க்கில் இரண்டு புள்ளி போட்டேன். டக், டக். போட்டதும் மனது லேசாகிவிட்டது. அதுதான் வினை. அவருடைய பழக்கத்தில் இன்னொரு பாதி இருந்தது. இரண்டு புள்ளி போட்ட அன்று ட்ரைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உள்ள ஒரு சாமான் சரியில்ல, இன்ன எடத்துல கவனமா போ" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். எனக்குத் தட்டுகிற பாதி ஞாபகம் இருந்தது. சொல்கிற பாதியை எந்த வருடத்தில் விட்டேன் என்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை லொறி வெளியே வந்தது. சந்தனம் பக்கத்தில் இருக்க, மேல் டிவிசன் வரைக்கும் நானே ஓட்டிப் பார்த்தேன். லோவில் போட்டதும் ஊமை மாதிரி ஏறியது. மேலே வேலையை மேற்பார்த்து நின்ற கண்டாக்கையா கைதட்டினார். திரும்பி வரும்போது வண்டி வெறும் வண்டிதானே என்று லோவில் போடாமல், சாதாரணமாக இறங்கினேன். ஏற்றத்தைப் பார்த்தேன், இறக்கத்தைப் பார்க்கவே இல்லை. மலைநாட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு வண்டி என்றால் ஏறுமா என்ற கவலைதான். ஏறினது எப்படியும் இறங்கிவிடும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. பாரத்தோடு இறங்கும்போதுதான் அந்த ஃபோர்க்கின் மேல் முழு இழுவையும் விழும் என்பது எனக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். மகிழ்ச்சியில் மறந்துவிட்டது.

பட்டறையில் வந்து இறங்கினோம். சீட்டுச் சட்டத்தில் அந்த ரப்பர் வார் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் சுருக்கென்றது. கத்தியை எடுத்து அறுத்தேன்.

சந்தனம், "பாஸ், ஒரு கெழமைக்கு இருக்கட்டுமே. சும்மா தொங்கட்டும்" என்றார்.

"ஏன், என் வேல மேல நம்பிக்கை இல்லயா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க பாஸ். பழகிப்போச்சு, அதான்."

"புதுப் பொண்டாட்டிய கட்டிட்டு வந்து பழய தாலிய கழுத்துல மாட்டுற மாதிரி இருக்கு. இன்னொரு தடவ இந்த ரப்பர அந்த லீவர்ல கண்டேன், அப்பறம் இந்த லொறிய நான் தொட மாட்டேன், சொல்லிட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சந்தனமும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் ரப்பரைக் குப்பைப் பீப்பாயில் எறிந்தேன். ஃபோர்க்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மேல் டிவிசனில் கொழுந்தை எடை போட்டு ஏற்றி முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து லொறியில் ஆள் ஏறக்கூடாது என்பது சட்டம். மழையில் அந்தச் சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. லொறியை மூடுகிற படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு பதினொரு பெண்கள் சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் பட்டறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து லொறி லோவில் இறங்கும் சத்தம் ஒரே சீராக, உறுமலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என் பெட்டி பாடுகிறது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, 'டங்' என்று ஒரு சத்தம். உறுமல் அப்படியே அடங்கிப்போனது. அடுத்து கேட்டது பெண்களின் கூச்சல். தம்பிமாரே, அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எந்தச் சாமான், எந்தக் கால், எந்த இடம் என்று கண்ணுக்குள் பார்த்தேன். கோப்பை கையில் இருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது லொறி பாதையின் மேல்பக்க மண் திட்டில் முட்டிக்கொண்டு சரிந்து கிடந்தது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போக, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பார்த்துவிட்டு, பள்ளத்துப் பக்க வளைவு வருவதற்கு முன்னால் சந்தனம் தன் பக்கத்தைத் திட்டில் கொண்டுபோய் மோதியிருந்தார். இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் திட்டு. வலது பக்கம்தான் ட்ரைவர் இருப்பார். அதைத் தெரிந்தேதான் அவர் மோதினார் என்று நினைக்கிறேன். கொழுந்துச் சாக்குகள் மெத்தை மாதிரி இருந்ததால் பெண்கள் பிழைத்தார்கள். பார்வதி என்ற பெண்ணுக்கு மட்டும் இடது மணிக்கட்டு முறிந்து கை தொங்கியது. அவள் அழாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கிற கை. சந்தனத்தைக் கதவை நெம்பித்தான் எடுத்தோம். விலா எலும்பு மூன்று, ஒரு முழங்கால். நினைவில்லை.

துரை லொறிக்குள் எட்டிப் பார்த்தார். ட்ரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் நின்றது.

"நியூட்ரல்ல விட்டிருக்கான்" என்றார். "டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல உருட்டிட்டு வந்திருக்கான். பதினோரு உயிரு!"

கண்டாக்கையா பெண்களிடம் கேட்டார். "டங்குன்னு ஒண்ணு கேட்டுச்சுங்க. அப்பறம் எஞ்சின் சத்தமே இல்ல" என்றாள் பார்வதி. அவள் உண்மையைத்தான் சொன்னாள். அந்த 'டங்', அவர் லீவரை நியூட்ரலுக்கு இழுத்த சத்தம் என்றாகி, அதுவும் சந்தனத்துக்கு எதிராகப் போய் விழுந்தது.

நான் பக்கத்தில் நின்றேன். வாய் இருந்தது, திறக்கவில்லை. இதை உங்களிடம் மறைக்கமாட்டேன். அன்று மாலைக்குள் என் மனது எனக்காக வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஒருவேளை சந்தனமே நியூட்ரலில் விட்டிருக்கலாம், யார் கண்டது என்றது. அந்த மனிதரோடு முப்பது வருடம் பக்கத்து லயத்தில் இருந்தவன் நான். அவர் தன் சைக்கிளைக்கூட இறக்கத்தில் பிரேக் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறவர். அப்படிப்பட்டவரைப் பற்றி நான் அப்படி நினைத்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. சந்தனம் ஆஸ்பத்திரியில். அவர் மேல் குற்றம் நின்றால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கிற லயக் காம்பராவும் போகும். அவர் மனைவி பட்டறை வாசலில், மழையில், உள்ளே வராமல் நின்றாள். ஹட்டனிலிருந்து ஒரு சிங்கள பாஸைத் துரை அழைத்து வந்திருந்தார். என்னைவிட வயது கூடியவர், கையைப் பார்த்தாலே தொழில்காரர் என்று தெரியும். எல்லோர் முன்னாலும் அவர் பெட்டியைத் திறந்தார்.

ஃபோர்க்கின் தேய்ந்த கால் உடைந்து எண்ணெயில் கிடந்தது.

"இது மோதின அடியில ஒடஞ்சிருக்கலாம் தானே?" என்றார் துரை.

"ஒடையலாம் மஹத்தயா" என்றார் அவர். உடைந்த துண்டைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினார். கை நின்றது. என் பக்கம் திரும்பி, சிங்களத்தில் பாஸை மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார். "பாஸுன்னஹே, இதுல ரெண்டு புள்ளி இருக்கு. கம்பெனி போட்டதா?"

அவருக்குத் தெரியும். எந்தக் கம்பெனி கையால் தட்டிக் கோணலாகப் புள்ளி வைக்கும்? தெரிந்துகொண்டே, ஓடிப்போக ஒரு கதவைத் திறந்து வைத்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம்தான். பட்டறை முழுக்க என் முகத்தைப் பார்த்தது. நான் வாசலைப் பார்த்தேன். அந்த அம்மாவின் சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் போட்டது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னேன். "நான் போட்டது தொரை. பூட்டுறப்பவே அது தேஞ்சிருந்துச்சு. தெரிஞ்சுதான் பூட்டினேன். சந்தனத்துக்கிட்ட சொல்லல. அவரு நியூட்ரல்ல விடல."

துரை என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார், அவ்வளவுதான். ஹட்டன் பாஸ் அந்தத் துண்டை என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, கை துடைக்கத் துணி கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

என்னை அன்றே பட்டறையிலிருந்து நிறுத்தினார்கள். அது நியாயம். அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்: புள்ளி வைத்தால் அது பெட்டிக்குள் இருக்கிறது, அடுத்து திறக்கிறவன் மட்டுமே பார்ப்பான். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு உங்கள் வாய்தான் வழி. சாவி கொடுக்கும்போது முகத்தைப் பார்த்து, எது புதுசு, எது பழசு, எங்கே பயப்பட வேண்டும் என்று சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு சொல்லுங்கள். பாரம் ஏற்றி இறக்கத்தில் ஓட்டிப் பார்க்காத வண்டியை முடிந்த வேலை என்று சொல்லாதீர்கள். ட்ரைவர் ஏதாவது கயிறோ ரப்பரோ கட்டி வைத்திருந்தால், அறுப்பதற்கு முன்னால் அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சந்தனம் கண் விழித்திருந்தார். விசாரணையில் நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோர்க், இரண்டு புள்ளி, சொல்லாமல் விட்டது, மூன்று நாள் வாய் மூடி இருந்தது, எல்லாம். அவர் கோபப்படுவார், படட்டும் என்று இருந்தேன். அவர் மெல்ல என் பக்கம் தலையைத் திருப்பினார். மூச்சு விடுவதே அவருக்கு வலித்தது.

பிறகு, "பாஸ், அந்தப் பையில என் சட்ட இருக்கு. எடுங்க" என்றார்.

கட்டிலுக்கடியில் ஒரு பொலித்தீன் பையில், அன்று அவர் போட்டிருந்த காக்கிச் சட்டையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். மண்ணும் ரத்தமும் காய்ந்து மொடமொடவென்றிருந்தது.

"பொக்கட்ட பாருங்க."

கை விட்டேன். விரலில் வழுவழுப்பாக ஏதோ பட்டது. வெளியே எடுத்தேன். நான் அறுத்து எறிந்த ரப்பர் வார். அறுபட்ட இரண்டு நுனியையும் அவர் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

"பீப்பாயில இருந்து அன்னைக்கே பொறுக்கிக்கிட்டேன்" என்றார். "வெள்ளிக்கெழம மழ வந்திச்சு, பொம்பளைங்க வேற ஏறிட்டாங்க. எறங்கறதுக்கு முன்னால கட்டிருவோம்னு கையில எடுத்தேன் பாஸ். கீழ பட்டறையில நீங்க நிப்பீங்க, கண்டா மனசு நோவீங்களேன்னு மறுபடியும் பொக்கட்டுல போட்டுக்கிட்டேன்."